பிரம்மத்துக்கும் ரெட்டை டம்ளர்

இலுப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சொற்பொழிவு. விஞ்ஞானம் முடிகிற இடத்தில் மெய்ஞ்ஞானம் தொடங்குகிறது என்பதுதான் சாரம். பேசியவர் பேர் வேண்டாம். இந்த மாதிரி ஆளுக எல்லா ஊரிலும் இருக்காங்க, பேர்தான் மாறும். நம்ம தெருப் பையன் ஒருத்தன், இயற்பியல் ரெண்டாம் வருசம் படிக்கிறவன், போய்க் கேட்டுவிட்டு ராத்திரி நேரே என்னிடம்தான் வந்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

"அண்ணே, மூளையில நரம்பு எப்படி வேலை செய்யுதுன்னு சயின்ஸ் சொல்லிருது. ஆனா உள்ளுக்குள்ள 'நான் பாக்குறேன்'னு ஒண்ணு உணருதே, அது ஏன் வருதுன்னு சயின்ஸால சொல்ல முடியலையாம்ல. உபநிசத்து அப்பவே சொல்லிருச்சாம். பிரக்ஞைதான் மூலமாம், மத்ததெல்லாம் அதுல தோணுறதுதானாம். எல்லாருக்குள்ளயும் இருக்குறது ஒரே பிரக்ஞைதானாம். அப்படின்னா சாதியே இல்லைன்னுதானண்ணே அர்த்தம்? நாம ஏன் இதை எதுத்துக்கிட்டே இருக்கோம்?"

அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பார்ப்பான் சொன்னது, விடுடா" என்று வாயை அடைத்திருக்கலாம். அப்படி அடைத்து அடைத்துத்தான் நம்ம பிள்ளைகள் கேள்வியோடு எதிராளி மண்டபத்துக்குப் போய் உட்காருகிறார்கள். அதனால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அறிவியலுக்கு இன்னும் விடை தெரியவில்லை என்பது உண்மை. ஒரு செம்பருத்தியைப் பார்த்தால் கண்ணில் என்ன நடக்கிறது, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்ட முடிகிறது. ஆனால் அந்தச் சிவப்பு உனக்குள் ஒரு சிவப்பாகத் தெரிகிறதே, அது ஏன் அப்படித் தெரிய வேண்டும் என்பதை யாரும் விளக்கிவிடவில்லை. டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவக்காரர் 1995இல் இதற்குத்தான் 'கடினமான பிரச்சினை' என்று பெயர் வைத்தார். சிலர் அது பிரச்சினையே இல்லை என்கிறார்கள், சிலர் தீராது என்கிறார்கள். சண்டை ஓயவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிற்பதில் அறிவியலுக்கு ஒரு கேவலமும் இல்லை. 'இவனுக்குத் தெரியவில்லை, ஆகவே எனக்குத் தெரியும்' என்பது எந்த ஊர் நியாயம்? பக்கத்து வீட்டுக்காரன் கணக்கில் பெயிலானால் நான் பாஸாகிவிடுவேனா?

ஷ்ரோடிங்கரை இழுத்தாராம் பேச்சாளர். இழுக்காமல் இருப்பார்களா? அந்த மனிதர் வேதாந்தம் படித்தது உண்மை. 1944இல் உயிரைப் பற்றி எழுதிய சிறு நூலின் கடைசிப் பகுதியில் ஆத்மாவும் பிரம்மமும் ஒன்று என்பதைப் பேசியதும் உண்மை. ஆனால் 1926இல் அவர் போட்ட சமன்பாடு நின்றது உபநிடதம் சாட்சி சொன்னதால் இல்லை. ஹைட்ரஜன் அணுவின் ஒளிக்கோடுகளோடு கணக்கு ஒத்துப்போனது. ஒத்துப்போகாவிட்டால் தூக்கி எறிந்திருப்பார்கள். வேதாந்தத்தில் எந்த வாக்கியம் எதோடு ஒத்துப்போகாவிட்டால் தூக்கி எறியப்படும் என்று பேச்சாளரிடம் கேட்டுப் பார்.

அடுத்தது, 'இந்து தத்துவம் சொல்கிறது' என்று ஒற்றையாகச் சொல்கிறார்களே, அது முதல் மோசடி. சாங்கியத்தில் புருஷன் ஒன்றில்லை, பல. அந்தப் பழைய சாங்கியத்தில் கடவுளும் கிடையாது. நியாய வைசேடிகக்காரர்களுக்கு உணர்வு என்பது ஆன்மாவின் சாரமே இல்லை, மனத்தோடு சேரும்போது வந்து போகிற ஒரு குணம். அவர்கள் சொல்லும் முத்தியில் உணர்வே இருக்காது. 'இது என்னய்யா, கல்லாய்க் கிடப்பதா மோட்சம்?' என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். பிரக்ஞையே எல்லாம், மற்றது தோற்றம் என்பது இத்தனை கடைகளில் ஒரு கடைச் சரக்கு, அத்வைதம். அதைத் தூக்கிவந்து மொத்தச் சந்தைக்கும் பேர்ப்பலகையாக மாட்டியிருக்கிறார்கள்.

நம்ம ஊர்ப்பக்கமே பாருங்கள். அன்னவாசலைத் தாண்டினால் சித்தன்னவாசல். ஏழடிப்பட்டத்தில் பாறையை வழவழவென்று செதுக்கிய பதினேழு படுக்கைகள். சமணத் துறவிகள் வெறும் கல்லில் படுத்துக் கிடந்த இடம். அங்கே தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, கி.மு. காலத்தது. அவர்களுக்கும் உணர்வுதான் உயிரின் அடையாளம். ஆனால் ஒரே உணர்வு அல்ல, எறும்புக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று எண்ணற்ற உயிர்கள். அதைப் படைத்த கடவுளும் இல்லை. இலுப்பூர்க்காரனுக்குத் தத்துவம் வேண்டுமென்றால் காசிக்குப் போக வேண்டாம், மினிபஸ் போதும். அந்தச் சமணத்தைப் பேச்சாளர்கள் இந்து தத்துவத்தின் ஒரு கிளை என்று மடித்து வைத்துக்கொள்வார்கள். கழுவேற்றிய கதைகளைப் பெருமையாகச் சொல்லித்திரிந்ததை மறந்துவிடுவார்கள்.

மணிமேகலையில் ஒரு பூதவாதி வருகிறான். சமயக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்லும் காதையில் கடைசி ஆட்களில் ஒருவன். அவன் சொல்வது இவ்வளவுதான்: பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் சேர்த்து ஊறவைத்தால் கள்ளில் வெறி பிறக்கிறதல்லவா, அதுபோலப் பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்கிறது, பிரியும்போது போய்விடுகிறது. மறுபிறப்பும் இல்லை, போன பிறப்பும் இல்லை. தனித்தனிச் சாமானில் இல்லாத ஒன்று கூட்டில் வருகிறது என்பதைக் கள் இறக்குகிறவனுக்கும் சாராயம் காய்ச்சுகிறவனுக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இது சரியான விடை என்று நான் வாதாட வரவில்லை. சால்மர்ஸ் கேட்கிற கேள்விக்கு இதுவும் போதாதுதான். ஆனால் இந்த விடையிலிருந்து நீ போன பிறவியில் பாவம் பண்ணினாய், அதனால் சேரியில் பிறந்தாய் என்ற வாக்கியத்தை எந்தக் கொம்பனாலும் உண்டாக்க முடியாது. லோகாயதர்களின் நூல்கள் ஏன் நம் கைக்கு வந்து சேரவில்லை, எதிராளிகள் திட்டுவதற்காக எடுத்துக்காட்டிய துண்டுகள் மட்டும் ஏன் மிஞ்சின என்பதற்குக் காரணம் தேடுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். எல்லாருக்குள்ளும் ஒரே பிரக்ஞை என்றால் சாதி இல்லை என்றுதானே அர்த்தம்?

அவன் மனசைத் தொட்டது 'நீயே அது' என்ற வாக்கியம். உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்வது. சாந்தோக்கிய உபநிடதம், ஆறாம் அத்தியாயம். அழகான இடம், நானும் படித்திருக்கிறேன். உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, ஆலம்பழத்தைப் பிளந்து பார்க்கச் சொல்லிப் பாடம் நடத்துகிறார் அப்பா. மண்டபத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள். ஒரு அத்தியாயம் பின்னாலே போ தம்பி. அதே சாந்தோக்கியம், ஐந்தாம் அத்தியாயம், பத்தாம் கண்டம். இங்கே நல்லொழுக்கமாய் நடந்தவர்கள் பிராமணன், சத்திரியன், வைசியன் என்ற நல்ல கருப்பைகளில் பிறப்பார்கள், கெட்டு நடந்தவர்கள் நாயின் வயிற்றிலோ பன்றியின் வயிற்றிலோ சண்டாளியின் வயிற்றிலோ பிறப்பார்கள் என்று இருக்கிறது. நாய், பன்றி, சண்டாளி. நம்ம ஆத்தாளைச் சேர்த்திருக்கும் வரிசையைப் பார்த்துக்கொள்.

ஒரே நூல்தான். 'நீயே அது' என்று சொன்ன புத்தகமும் நீ பன்றிக்குப் பக்கத்தில் என்று சொன்ன புத்தகமும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. இது யாரோ பின்னால் கெடுத்தது, மூலம் சுத்தம் என்பார்கள். சரி, இத்தனை நூற்றாண்டுகளில் அந்த ஒரு கண்டத்தைக் கிழித்துப்போட ஒரு பாஷ்யக்காரனுக்காவது கை வந்ததா? (வடமொழியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வேண்டாம். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கி, மனமே ஆறாவது அறிவு என்று நாம் மேடைதோறும் பெருமை பேசும் தொல்காப்பியத்தின் அதே மரபியலில்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்ற அடுக்கும் இருக்கிறது. இடைச்செருகல் என்கிறார்கள் தமிழறிஞர்கள். இருக்கலாம். எங்கே சாதி வந்தாலும் அது இடைச்செருகல்தான், எவனும் மூலத்தில் வைத்திருப்பதில்லை!)

சங்கரர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். ஏனென்றால் ஒரே பிரக்ஞை என்பதை அவரைவிடக் கறாராகச் சொன்னவர் இல்லை. அவரே பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையில், முதல் அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில், சூத்திரனுக்கு வேதம் படித்து இந்த அறிவை அடைய அதிகாரம் இல்லை என்று வாதாடி நிறுவுகிறார். வேதம் காதில் விழுந்த சூத்திரனின் காதில் ஈயமும் அரக்கும் ஊற்றச் சொல்லும் ஸ்மிருதியை எடுத்துத் தன் பக்கத்துச் சாட்சியாக வைக்கிறார். சூத்திரனுக்கே இந்தக் கதி. பஞ்சமன் அந்த வழக்கில் வாதியாகக்கூட இல்லை.

இவர் எப்படி இரண்டையும் ஒரே வாயால் சொன்னார்? மறதியா, முரண்பாடா? இரண்டும் இல்லை. அதற்கு அவரிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. உண்மை இரண்டு தட்டு. ஒன்று பாரமார்த்திகம், அங்கே எல்லாம் ஒன்று. இன்னொன்று வியாவகாரிகம், நடைமுறை, அங்கே அவனவன் வருணம், அவனவன் கடமை. மேல்தட்டு உண்மையில் நீயும் நானும் பிரம்மம். கீழ்த்தட்டு உண்மையில் நீ அந்தப் பக்கமாய் ஒதுங்கி நில்.

எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? நம்ம டீக்கடைதான். டீ ஒன்றுதான். ஒரே பாய்லர், ஒரே பால், ஒரே தூள். உனக்குச் சிரட்டை, அவனுக்குக் கண்ணாடி கிளாஸ். 'என்னப்பா பேதம் பார்க்கிறோம், ஒரே டீயைத்தானே எல்லாருக்கும் ஊத்துறோம்' என்று கடைக்காரன் சொன்னால் அது அத்வைதம். தத்துவத்தில் நடந்த ரெட்டை டம்ளர் முறைதான் இது. டீ ஒன்று என்று நிரூபிக்க நிரூபிக்க, டம்ளரைப் பற்றிய பேச்சு எழாமல் போகும்.

காசியில் சங்கரர் எதிரே சண்டாளன் வந்த கதையைச் சொல்வார்கள். மனீஷா பஞ்சகம் பிறந்த கதை. விலகிப் போ என்கிறார் சங்கரர். எதை விலகச் சொல்கிறாய், சோற்றால் ஆன உடம்பையா, உள்ளே இருக்கிற சைதன்யத்தையா என்று அவன் கேட்கிறான். கேள்வி பிரமாதம், நம்ம ஆள் கேள்வி. ஆனால் கதை அடுத்து எங்கே போகிறது? வந்தவன் சண்டாளனே இல்லை, சிவபெருமான் வேசம் போட்டு வந்தான் என்று முடிக்கிறார்கள். சங்கரர் கடைசியில் வணங்கியது யாரை? நந்தனார் கதையிலும் இதேதான். அவர் பக்தி சிவனுக்குச் சம்மதம், அவர் உள்ளம் சம்மதம். உடம்பு மட்டும் சம்மதம் இல்லை. தில்லையில் தீயில் இறங்கிப் புது உடம்போடுதான் உள்ளே போக முடிந்தது. பிரக்ஞையை ஏற்றுக்கொள்கிறோம், உடம்பைக் கொளுத்திவிட்டு வா.

இதையெல்லாம் பழங்கதை என்று தம்பி சொல்லலாம். அதனால் வேங்கைவயலைப் பேசுவோம். எங்கேயோ இல்லை, நம்ம அன்னவாசல் ஒன்றியம், முத்துக்காடு ஊராட்சி. 2022 டிசம்பர் 26. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக, தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள். தொட்டியில் ஏறிப் பார்த்தால் பீ மிதக்கிறது. ஆதிதிராவிடர் தெருவுக்குத் தண்ணீர் கொடுக்கும் மேல்நிலைத் தொட்டி அது. கலெக்டரும் எஸ்.பி.யும் வந்தார்கள். இறையூர் டீக்கடையில் ரெட்டை டம்ளர் இருந்ததைக் கண்டார்கள். அய்யனார் கோயிலுக்குள் நம்ம சனங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே நடந்ததை இந்தக் கட்டுரைக்காக நான் கற்பனை பண்ணியிருந்தால் மிகை என்பீர்கள். ஒரு பெண்ணுக்கு அருள் வந்து சாமியாடினார். ஆடிக்கொண்டே நம்ம சனங்களைச் சாதி சொல்லி இழிவாகப் பேசினார். அதற்கு வழக்கும் கைதும் ஆனது. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. நம்ம ஊர்க் கணக்குப்படி அருள் வந்தவருக்குத் தன் பிரக்ஞை கிடையாது. உள்ளே பேசுவது சாமி. நான் என்ற எண்ணம் போய், தெய்வப் பிரக்ஞை இறங்கி வந்த பிறகும் அதற்கு எதிரே நிற்பவன் என்ன சாதி என்று தெரிந்திருக்கிறது! நடிப்பு என்று போலீஸ் சொன்னது. நடிப்பாகவே இருக்கட்டும். சாமி வந்தால் சாமி இப்படித்தான் பேசும் என்று ஆடினவருக்கும் தெரிந்திருக்கிறது, பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நரம்பியலும் உபநிடதமும் தேடிக்கொண்டிருக்கும் பிரக்ஞையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த பிரக்ஞை இதுதான். ஆளுக்கு முன்னால் பிறந்து, அவன் வாயில் உட்கார்ந்து பேசுவது.

அதற்கப்புறம் அறிவியல் வந்தது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. சோதனை என்றார்கள். மொத்தம் 31 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். பீ கலந்த தண்ணீரைக் குடித்த தெருவிலும் எடுத்தார்கள். 'பாதிக்கப்பட்ட எங்ககிட்டயே ரத்தமா' என்று சிலர் முதலில் மறுத்தார்கள், கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் 31 பேருடையதும் ஒத்துப்போகவில்லை. தம்பி இயற்பியல் படிக்கிறவன், அவனுக்கு இது புரியும்: மலத்தில் பெரும்பங்கு பாக்டீரியாவின் டி.என்.ஏ., மனித டி.என்.ஏ. கொஞ்சம்தான், அதுவும் தண்ணீரில் ஊறினால் சிதைந்துகொண்டே போகும். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதே தெருவைச் சேர்ந்த, நம்ம சாதியைச் சேர்ந்த மூன்று பேர் மேல். அடுத்த மாதமே வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அந்த மூன்று பேர் மீதான குற்றச்சாட்டை விடுதலைச் சிறுத்தைகளும் கம்யூனிஸ்டுகளும் ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். உண்மை என்ன என்பதை நீதிமன்றம்தான் பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. தொட்டிக்குள் என்ன கலந்தது என்பதற்குச் சோதனைக்கூடம் இருக்கிறது. பக்கத்து டீக்கடையில் இத்தனை வருசமாக என்ன கலந்திருந்தது என்பதற்குச் சோதனைக்கூடம் இல்லை. அறிவியலின் எல்லை என்று மண்டபத்தில் பேசுகிறார்களே, எனக்குத் தெரிந்த எல்லை இங்கேதான் இருக்கிறது. அது ஆன்மாவுக்குப் பக்கத்தில் இல்லை, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிறது.

ஆகையால் அறிவியல் என்றதும் கைதட்டும் பழக்கமும் நமக்கு வேண்டாம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கை அளந்து சாதியின் உயரம் தாழ்வு சொன்னார். அதுவும் அன்றைக்கு அறிவியல்தான். வெறுமே திட்டிவிட்டுப் போகாமல், அதே மூக்களவுக் கணக்கை எடுத்துத் திருப்பி அடித்தவர் அம்பேத்கர். தீண்டப்படாதவர்கள் யார் என்று 1948இல் எழுதிய நூலில், பார்ப்பனனுக்கும் தீண்டப்படாதவனுக்கும் மூக்களவில் இனவேறுபாடு ஒன்றும் இல்லை என்று காட்டினார். மேகநாத் சாகாவை இயற்பியல் மாணவனுக்கு அறிமுகம் செய்ய வேண்டாம், 1920இல் வந்த அயனியாக்கச் சமன்பாடு அவனுக்குப் பாடம். கல்கத்தாவில் படித்த காலத்தில் இந்து விடுதியில் அவரோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட மேல்சாதி மாணவர்களுக்கு மனசில்லை என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. எல்லாம் வேதத்தில் இருக்கிறது என்ற பேச்சைப் பின்னாளில் கிழித்து எழுதியவரும் அவர்தான்.

அம்பேத்கர் இந்தப் பிரம்மக் கேள்வியை ஓரமாய்த் தள்ளிவிட்டுப் போனவர் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறாமல் 1987இல் மராட்டிய அரசு வெளியிட்ட, வெளியிட்டதும் பம்பாயில் பெரிய கலவரப் பேச்சைக் கிளப்பிய 'இந்துமதப் புதிர்கள்' நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். தம்பி கேட்ட அதே கேள்விதான். எல்லாரும் பிரம்மத்தின் பங்கு என்றால் எல்லாரும் சமம், அது சனநாயகத்துக்கு எவ்வளவு பெரிய அடித்தளம் ஆகியிருக்கும் என்று மதிப்போடுதான் சொல்கிறார். பிறகு கேட்கிறார், அப்புறம் ஏன் ஆகவில்லை என்று. பிரம்மம் தத்துவமாகவே நின்றுவிட்டது, தர்மமாக ஆகவில்லை, ஆகவிடவில்லை. தர்மம் என்ற இடத்தில் மனுவை உட்கார வைத்திருந்தார்கள். 'புத்தமும் அவர் தம்மமும்' நூலில் உணர்வைப் பற்றிப் பேசும்போது அவர் மின்புலத்தை உதாரணம் காட்டுகிறார். மின்புலம் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் கூடவே வருவதைப் போல, உடம்பு உள்ள இடத்தில் உணர்வு வருகிறது என்று. மணிமேகலைப் பூதவாதிக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை இது. இயற்பியலாக அது எவ்வளவு தேறும் என்று தம்பியே பார்த்துச் சொல்லட்டும். போன பிறவியின் பாவம் உள்ளே நுழைய ஓட்டையில்லாமல் அடைத்திருக்கிறார் என்பதை மட்டும் நான் பார்க்கிறேன்.

இன்னொரு பையன் இருந்தான். நட்சத்திரங்களைப் பற்றி, கார்ல் சாகன் மாதிரி எழுத ஆசைப்பட்டவன். ரோகித் வெமுலா. 2016 ஜனவரி 17இல் ஐதராபாத் பல்கலைக்கழக விடுதி அறையில் செத்துப்போனான். அவன் விட்டுப்போன கடிதத்தில், மனிதனை ஒரு மனமாக யாருமே மதிக்கவில்லை, வெறும் அடையாளமாக, ஓட்டாக, எண்ணாகச் சுருக்கிவிட்டார்கள் என்ற வருத்தம் இருக்கிறது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு அரசாங்கமும் நிர்வாகமும் வருசக்கணக்கில் மல்லுக்கு நின்ற விசயம் எது தெரியுமா? அவன் தலித்தா இல்லையா, அவன் அம்மா என்ன சாதி என்பது. 'உன் மனமும் என் மனமும் ஒன்று' என்று சொல்லும் தத்துவம் இந்த நாட்டில் எத்தனையோ நூற்றாண்டாக இருக்கிறது. அதைக் கரைத்துக் குடித்தவர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க சாதியைப் பத்திச் சொல்றீங்க அண்ணே, நான் பிரக்ஞையைப் பத்திக் கேட்டேன். சிவப்பு ஏன் சிவப்பாத் தெரியுது, அதுக்கு நீங்களும் பதில் சொல்லலையே" என்றான். சரிதான், சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. அவன் எம்.எஸ்ஸி. போய், அதற்கு மேலும் போய், அதைத் தேடட்டும். அதற்கு நாம் காசு திரட்டுவோம்.

இப்போதைக்கு ஒன்று முடிவு செய்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்ம தெரு மன்றத்தில் சாந்தோக்கியத்தின் ஐந்தாம் அத்தியாயத்தையும் ஆறாம் அத்தியாயத்தையும் சேர்த்தே வாசிக்கிறோம், கூடவே மணிமேகலையின் அந்தக் காதையையும். மண்டபத்தில் பேசியவருக்கும் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறோம். டீக்கு ஏற்பாடு உண்டு. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்தான்.